லிங்கன் கடையில் ஒரு குதிரைப்படை வாள்: 1,150 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி – 2023 அக்டோபர் 7

லிங்கன் நகரத்துப் பழம்பொருள் கடை ஒன்றில் வளைந்த வாள் ஒன்றைப் பார்த்தேன். 'பிரிட்டிஷ் இலகுக் குதிரைப்படை வாள், 1796 மாதிரி, வாட்டர்லூ போரில் பயன்பட்டது' என்று சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். விலை 1,150 பவுண்டு. இரும்பு உறையும் இருக்கிறது. கைப்பிடியின் தோல் பெரும்பாலும் போய்விட்டது, அலகு பழுப்பேறியிருக்கிறது. இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டு வாரம் எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இது அசல்தானா? இந்த விலை தகுமா?

பதில் – அக்டோபர் 7, இரவு

படத்தில் தெரிவது 1796 மாதிரியின் உருவம்தான். கைப்பிடியின் முன்பக்கம் குதிரை மிதிவளையம் போல ஒரே கம்பியாக வளைந்து இறங்கும் காப்பு, ஒற்றை அகன்ற பள்ளம் ஓடும் வளைந்த அலகு, நுனியை நெருங்கும்போது குறுகாமல் அகன்று போகும் அதன் போக்கு ஆகிய மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் உருவத்தை மட்டும் வைத்து ஒரு வாளுக்கு விலை பேசக்கூடாது, ஏனென்றால் இந்த உருவத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

1793 முதல் 1795 வரை ஃபிளாண்டர்ஸில் நடந்த போரில் பிரிட்டிஷ் குதிரைப்படையின் வாள்களும் வாள்பயிற்சியும் எவ்வளவு மோசமாக இருந்தன என்பதை நேரில் கண்ட ஜான் காஸ்பார்டு லே மார்ஷண்டு என்ற அதிகாரி, பர்மிங்ஹாம் வாள்செய்வோரான ஹென்றி ஆஸ்பர்னோடு சேர்ந்து இந்த வாளை வகுத்தார். வெட்டுவதற்கென்றே உருவான வாள் இது. பின்னர் பிரஷ்யா 1811இல் ஏறக்குறைய இதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. சேகரிப்பாளர்கள் அதைப் 'புளூஹர் வாள்' என்பார்கள். ஜெர்மானிய நாடுகளில் அந்த வடிவம் பல ஆண்டுகள் புழங்கியது. ஆகவே கடையில் '1796' என்று சீட்டுத் தொங்கும் வாள்களில் கணிசமானவை ஜெர்மானிய வாள்கள். வேறு சில, சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் அலங்காரத்திற்காகவும் நாடகங்களுக்காகவும் செய்யப்பட்ட நகல்கள்.

மறுபடி கடைக்குப் போகும்போது அளவுநாடா, ஒரு வெர்னியர் காலிப்பர், சிறிய டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அலகின் நீளத்தைக் காப்பிலிருந்து நுனிவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவோடு ஒட்டி அளக்கக்கூடாது. பிரிட்டிஷ் வாளென்றால் 82 முதல் 84 சென்டிமீட்டருக்குள் வரும்.

அக்டோபர் 8

காலிப்பர் எதற்கு என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாச் சோதனைகளையும்விட நான் அதிகம் நம்புவது அதைத்தான், ஆகவே பொதுவிலேயே எழுதுகிறேன்.

அலகின் முதுகைக் கைப்பிடிக்கு அருகில் அளந்தால் அசலில் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கும். அதே முதுகு நுனிக்குச் சற்று முன்னால் 2 மில்லிமீட்டர் அளவிற்கு மெலிந்துவிடும். கொல்லன் அடித்து நீட்டியதில் இந்த மெலிவு படிப்படியாக வரும். அகன்ற நுனி கொண்ட வாள் கையில் இரும்புப்பாளம் போல் தொங்காமல், வீசினால் தானாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். நகல் செய்பவர்கள் ஒரே தடிமனுள்ள பட்டையை வெட்டி விளிம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் 5, முடிவில் 4 என்று வரும். முழு வாளின் எடை, உறை இல்லாமல், ஒரு கிலோவை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். ஏல அரங்குகளின் பார்வை நாள்களில் இந்த இரண்டு அளவுகளை மட்டும் எடுத்தே பல வாள்களைத் திரும்ப வைத்திருக்கிறேன்.

அடுத்து, கைப்பிடியின் உச்சியைப் பாருங்கள். அலகின் வால்பகுதி கைப்பிடிக்குள்ளே ஓடி, உச்சியில் வெளியே வந்து, சுத்தியலால் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். அங்கே மரையோ நட்டோ இருந்தால் அது பிற்கால வேலை. பரப்பிய இடம் பளபளவென்று புதிதாக இருந்தாலும், சுற்றிலும் சுத்தியல் வடு இருந்தாலும், யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கைப்பிடியின் நடுவில் இருபக்கமும் இரும்புக் காதுகள் இறங்கி, அவற்றின் ஊடே ஓர் ஆணி அலகின் வாலைத் துளைத்துப் போகும். படைவீரர் வாளில் இது இருக்கவேண்டும்.

கேள்வி கேட்டவர் – அக்டோபர் 10

நீளம் 82.8 செ.மீ. முதுகு கைப்பிடியருகே 9 மி.மீ., நுனியருகே 2 மி.மீ. அகலம் கைப்பிடியருகே 38 மி.மீ. காதுகளும் ஆணியும் உண்டு. உச்சியில் நட்டு இல்லை. அலகின் முதுகில் தேய்ந்த எழுத்துகள். கடைசி மூன்றும் எல், ஈ, ஒய். அலகின் பக்கத்தில் கிரீடம், அதன் கீழே ஓர் எண். எண் தெளிவாக இல்லை. காப்பில் 'எஃப் 41' என்றும் உறையின் வாயருகே 'சி 27' என்றும் அடித்திருக்கிறது. அலகின் முன்பாதி விளிம்பில் குறுக்குவாட்டில் அரம் போட்டதுபோல் கோடுகள்.

அக்டோபர் 10

இது பிரிட்டிஷ் வாள். படைவீரருக்காக அரசு வாங்கிய வாள். இனி அந்த அளவில் ஐயம் தேவையில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிரீடமும் கீழே எண்ணும் அரசுப் பரிசோதகரின் முத்திரை. இந்த மாதிரி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே படைக்கலத் துறை, வாங்கும் வாள்களைப் பரிசோதித்து ஏற்கத் தொடங்கிவிட்டது. தேறியவற்றில் பரிசோதகர் தமக்குரிய எண்ணுடன் கிரீடத்தை அடித்தார். அதிகாரிகள் தம் வாளைத் தம் பணத்தில் வாங்கியதால் அவர்கள் வாளில் இந்த முத்திரையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றுப்புறத்தில் இருக்கும் அதே பழுப்பு இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அரிப்புக் குழிகளின் மேலே முத்திரை விழுந்திருந்தால் முத்திரை இளையது. முத்திரையின் கோட்டை அரிப்பு தின்றிருந்தால் முத்திரை மூத்தது. ஐயத்திற்குரிய வாள்களில் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

முதுகில் தெரியும் எழுத்துகள் செய்தவரின் பெயர். அரசுக்கு வாள் கொடுத்த பர்மிங்ஹாம் பட்டறைகளில் ஆஸ்பர்ன், கில், உல்லி, ஹாட்லி, கிரேவன், டாஸ், பேட் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். உங்கள் மூன்று எழுத்துகளில் முடிபவை இவற்றுள் இரண்டு: உல்லியும் ஹாட்லியும். எல் எழுத்துக்கு முன்னால் இன்னொரு எல் இருந்தால் உல்லி. டி இருந்தால் ஹாட்லி. அரை அழிந்த எழுத்தை நேரே வெளிச்சம் காட்டி வாசிக்க முடியாது. டார்ச்சை முதுகோடு ஒட்டிப் படுக்கவைத்து, வாளை மெல்லச் சுழற்றுங்கள். எழுத்தின் ஒரு கரை நிழல் விழுந்து எழும்பும். சுண்ணாம்புக்கட்டியோ மாவோ தேய்த்து வாசிக்க வேண்டாம். கடைக்காரர் கம்பிப் பிரஷ் எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

விளிம்பில் இருக்கும் குறுக்குக் கோடுகள் படையில் கூர்தீட்டிய தடமாக இருக்கலாம். களஞ்சியத்தில் வாள்கள் மழுங்கிய விளிம்போடு கிடக்கும். போருக்கோ பணிக்கோ புறப்படும்போது தீட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கோடுகளின் மேலும் பழுப்பு படிந்திருந்தால் அது அந்தக் காலத்து வேலை, வாளுக்கு அதனால் குறைவில்லை. கோடுகள் வெள்ளையாக மின்னினால் அண்மையில் யாரோ தீட்டியது, விலையில் கழிக்கவேண்டும்.

காப்பில் ஓர் எண்ணும் உறையில் வேறோர் எண்ணும் இருப்பதுதான் குறை. எழுத்து குதிரைப்படையின் துருப்பையும், அதாவது ரெஜிமெண்டின் உட்பிரிவையும், எண் அதற்குள் ஆயுதத்தின் வரிசையையும் குறிக்கும். எஃப் துருப்பின் 41ஆம் வாளும் சி துருப்பின் 27ஆம் உறையும் இங்கே சேர்ந்திருக்கின்றன. உறை அதே மாதிரியைச் சேர்ந்ததுதான். இந்த வாளோடு பிறந்தது இல்லை.

அக்டோபர் 11

ஜெர்மானிய வாளாக இருக்காதா என்று மற்றொருவர் கேட்டதால் ஒரு சிறு சேர்க்கை. பிரஷ்ய வாளின் காப்புக்கம்பி பிரிட்டிஷ் வாளைவிட அகலமாகவும் தடித்தும் இருக்கும், மொத்த வாளும் கனக்கும். பர்மிங்ஹாம் பெயரும் கிரீட முத்திரையும் அங்கே இருக்காது. ஆனால் நெப்போலியனுக்கு எதிரான போர்க்காலத்தில் பிரிட்டன் பிரஷ்யாவுக்கு ஆயுத உதவி அனுப்பியது. அப்படிப் போன அசல் பிரிட்டிஷ் வாள்களில் பின்னாளில் ஜெர்மானியப் படைப்பிரிவுக் குறிகள் ஏறியிருக்கும். அந்தக் கலப்பைக் கண்டால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம், அதற்கென்றே தேடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் வாளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

அக்டோபர் 12

வாட்டர்லூ பற்றி விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் கடைக்காரர் கேட்கும் 1,150 பவுண்டில் பாதி அந்த ஒரு சொல்லுக்காகக் கேட்கப்படுகிறது.

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் இலகுக் குதிரைப்படைப் பிரிவுகளான 7, 10, 15, 18ஆம் ஹுசார்களும், 11, 12, 13, 16, 23ஆம் இலகு டிராகூன்களும், பிரிட்டிஷ் அரசரிடம் பணிசெய்த ஜெர்மானியர்களின் படையைச் சேர்ந்த குதிரைப்பிரிவுகளும் போரிட்டன. இந்த மாதிரி வாள் அங்கே இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1796இல் தொடங்கி, 1821 மாதிரி கைக்கு வரும்வரை இந்த வாள் பட்டறைகளிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இந்தியாவிலும் இருந்த பிரிவுகளிடம் இருந்தது. வெளிநாடே போகாத பிரிவுகளிடமும் இருந்தது. உள்ளூர்ப் பண்ணையார்களும் வணிகர்களும் சேர்ந்த யோமன்றி என்ற தன்னார்வக் குதிரைப்படைகளிடம் ஏராளமாக இருந்தது. இன்று இங்கிலாந்தில் பிழைத்திருப்பவற்றில் யோமன்றி வழியாக வந்தவை மிகுதி. 'எஃப் 41' என்பது துருப்பைச் சொல்கிறதே தவிர, எந்த ரெஜிமெண்டின் துருப்பு என்று சொல்லவில்லை. ரெஜிமெண்டின் எண்ணோ பெயரெழுத்தோ காப்பில் இல்லாதவரை அந்த வாளை எந்தப் போர்க்களத்திலும் நிறுத்தமுடியாது.

கனரகக் குதிரைப்படையின் 1796 வாள் இந்த வகையில் வேறுபட்டது. அது நேரான அலகு. நுனி கோடரி வாய்போல் ஒருபக்கம் சரிந்திருக்கும். 1815 போருக்கு முன்னால் பல வாள்களின் நுனியைக் குத்துவதற்கு ஏற்றபடி ஈட்டிமுனையாகத் தேய்த்தார்கள். உறையின் வாய்மீது படியும் இரண்டு இரும்பு நாக்குகளையும் அறுத்தெடுத்தார்கள். அப்படிப்பட்ட மாற்றம் ஒரு வாளில் இருந்தால் வாட்டர்லூ என்ற பேச்சுக்கு உலோகத்திலேயே ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அது அந்தக் காலத்து மாற்றம்தானா என்று வாதிடவாவது இடமிருக்கிறது. இலகு வாளில் அப்படி ஒரு தடயம் கிடையாது.

யோமன்றி என்றால் வரலாறு குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில், நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின் மீது மான்செஸ்டர்–சால்ஃபோர்டு யோமன்றியினர் வாளோடு பாய்ந்தார்கள். அவர்களுடைய வாள்கள் முந்தைய மாதமே கூர்தீட்டப்பட்டிருந்தன என்பது அந்த நாளைப் பற்றிய பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. நிராயுதபாணிகளான ஆண்களும் பெண்களும் வெட்டுப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வாட்டர்லூவில் நின்ற 15ஆம் ஹுசார்களும் அன்று அங்கே அனுப்பப்பட்டார்கள். புனித பீட்டர் திடலையும் வாட்டர்லூவையும் சேர்த்துத்தான் பீட்டர்லூ என்ற பெயர் வந்தது. ஒரு வாளின் முன்பாதி விளிம்பில் அரக்கோடு இருந்தால் அது எந்தக் களத்துக்காகப் போடப்பட்டது என்று அலகு சொல்லாது. கடைக்காரர்கள் ஏன் எப்போதும் வாட்டர்லூவையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை வாங்குபவர் யோசிக்கவேண்டும்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதற்குக் காகிதம் உண்டா? குடும்பக் கடிதம், பழைய ஏலப்பட்டியல், அருங்காட்சியகத்திலிருந்து விடுபட்ட சீட்டு, எது இருந்தாலும் பார்க்கலாம். இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு ஒரு பவுண்டும் தரவேண்டாம்.

கேள்வி கேட்டவர் – அக்டோபர் 14

டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தேன். இரண்டு எல் தெளிவாகத் தெரிகின்றன. விளிம்புக் கோடுகளில் பழுப்பு இருக்கிறது. காகிதம் எதுவும் இல்லை; 'இந்த மாதிரி வாட்டர்லூவில் பயன்பட்டது என்றுதான் சொன்னேன்' என்கிறார் கடைக்காரர். எவ்வளவு சொல்லலாம்?

அக்டோபர் 14

அப்படியானால் உல்லி. அந்தப் பட்டறை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பங்காளிகளின் பெயர்களோடு இயங்கியது. பெயருக்குப் பின்னால் இன்னும் எழுத்துகள் உண்டா, அல்லது அது ஒற்றைப் பெயர்தானா என்று பார்த்தால் செய்த காலத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

விலையைக் கடைச்சீட்டுகளை வைத்துக் கணிக்கக்கூடாது. கடைச்சீட்டு விற்பவரின் விருப்பம். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைதான் வாங்கியவர் கொடுத்தது. பிரிட்டனின் ஏல நிறுவனங்கள் பலவும் பழைய முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. '1796 இலகுக் குதிரைப்படை, படைவீரர்' என்று தேடி, படத்தோடும் நிலைக்குறிப்போடும் ஒப்பிடுங்கள். அதிகாரி வாள்களை அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். நீலம் ஏற்றித் தங்கமுலாம் பூசிய அலங்காரம் மிச்சமிருக்கும் அதிகாரி வாள் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும்.

நான் பார்த்துவருகிறவரை, பெயரும் முத்திரையும் வாசிக்கக்கூடிய, உறையோடு கூடிய படைவீரர் வாள்கள் ஏலத்தில் பெரும்பாலும் 350 முதல் 600 பவுண்டுக்குள் விழுகின்றன. அதோடு வாங்குபவர் கட்டணம் சேரும். கட்டணம் 25 விழுக்காடு, அதன்மேல் 20 விழுக்காடு வாட் வரி என்று வைத்தால், 400 பவுண்டுக்கு விழுந்த வாளுக்கு நீங்கள் கட்டுவது 520. கடைக்காரர் வாடகை கட்டுகிறார், திருப்பி எடுத்துக்கொள்வதாக உறுதி தருகிறார் என்றால் அதற்கும் ஒரு தொகை நியாயம்.

உங்கள் வாளுக்குக் கூட்டல்: அளவுகள் குறையாத அலகு, பெயர், முத்திரை, பழைய கூர்தீட்டல், யாரும் தேய்த்துப் பளபளப்பாக்காத மேற்பரப்பு. கழித்தல்: தோல் இழந்த கைப்பிடி, பொருந்தாத உறை. நான் 550இல் பேச்சைத் தொடங்கி 650இல் நிறுத்திக்கொள்வேன். தோல் புதிதாகச் சுற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அடியில் இருக்கும் வரிவெட்டிய மரம் அசலென்றால் அதை அப்படியே வாங்குவது மேல்.

அக்டோபர் 15

பொருந்தாத உறைக்கு நேற்றுக் கழித்ததை இன்று மறுபடி யோசித்தேன். வாளும் உறையும் இடம் மாறுவது எப்போதும் வணிகரின் கைவேலையாக இருக்கவேண்டியதில்லை. துருப்பு கலைக்கப்பட்டபோதோ, களஞ்சியத்தில் குவித்தபோதோ, ஒரே ரெஜிமெண்டுக்குள் மாறியிருக்கலாம். அப்படியென்றால் இரண்டும் ஒரே இடத்தில் பணிசெய்தவை. அதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. ரெஜிமெண்டின் ஆயுத வேலையாள் தன்னிடம் இருந்த ஒரே அச்சுத்தொகுதியால்தான் எல்லாவற்றிலும் எண் அடித்திருப்பான். எழுத்தின் உயரம், கோட்டின் பருமன், கால்களின் முனை வெட்டு ஆகியவற்றை இரண்டிலும் நெருங்கிப் படமெடுத்து அனுப்புங்கள்.

*மாலை:* படங்கள் வந்தன. காப்பின் எழுத்துகள் உயரமாக, முனைகளில் குறுக்குவெட்டோடு இருக்கின்றன. உறையில் இருப்பவை குட்டையானவை, வெட்டில்லாதவை. வெவ்வேறு அச்சுகள். கழித்தது கழித்ததாகவே இருக்கட்டும்.

அக்டோபர் 16

அதே கடையில் மூன்று கம்பிக் காப்புள்ள அதிகாரி வாள் ஒன்று 700 பவுண்டுக்கு இருப்பதாகவும், முதுகில் ஐந்திலக்க எண் இருப்பதாகவும், இதைவிட அது மேலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் அலகின் மேல் 'வி ஆர்' என்று விக்டோரியா அரசியின் எழுத்தும், லண்டன் பால்மால் வில்கின்சன் பெயரும் தெரிகின்றன.

இது 1821 மாதிரி அதிகாரி வாள். கிரீட எழுத்து காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடும்: விக்டோரியா 1837 முதல் 1901 வரை. வில்கின்சன் நிறுவனம் 1854இல் தன் உயர்ரக வாள்களுக்கு வரிசை எண் போடத் தொடங்கியது; அந்த எண்களுக்குரிய பேரேடுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால், வாள் எந்த ஆண்டு விற்றது, பல நேரங்களில் யாருக்கு விற்றது என்றுகூடத் தெரிந்துகொள்ளலாம். பெயர் கிடைத்துவிட்டால் அச்சிட்ட ராணுவப் பட்டியல்களிலும், அரசிதழான லண்டன் கெஜட்டிலும், லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் அந்த மனிதரைத் தொடரலாம். எந்த ரெஜிமெண்ட், எங்கே பணி, எப்போது ஓய்வு, எல்லாம் வரும். படைவீரர் வாளில் நமக்குக் கிடைக்காத அந்தத் தொடர்ச்சி இங்கே கிடைக்கும்.

அதனால் மேல் என்று சொல்லிவிட முடியாது. அலகில் பொறித்த அலங்காரம் தேய்ந்து மங்கியிருக்கிறது, மீன்தோல் கைப்பிடியில் வெள்ளிக்கம்பி அறுந்திருக்கிறது. பேரேட்டில் பெயர் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் 700 பொருந்தும், கிடைக்காவிட்டால் பொருந்தாது. வாங்கிய பிறகு விசாரித்தால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

பணம் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது என்பவர்கள் 1908 மாதிரியைத் தேடலாம். நேரான, குத்துவதற்கு மட்டுமேயான அலகு. கையை முழுவதும் மூடும் கிண்ணக் காப்பு. ஏழாம் எட்வர்டு அரசருக்கு அதன் தோற்றமே பிடிக்கவில்லை. ஆனாலும் குதிரைப்படை வாள் என்ற நீண்ட வரிசையில் அதைவிட நன்றாகச் சிந்திக்கப்பட்ட ஆயுதம் இல்லை என்பது என் கருத்து. காப்பில் ரெஜிமெண்டின் குறியும் தேதியும் அடித்திருப்பது வழக்கம் என்பதால் புதிதாகத் தொடங்குபவருக்கு அது நல்ல பாடநூல்.

அக்டோபர் 18

வாளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் வீட்டில் மாட்டலாமா என்ற கேள்வி.

முதலில் பிரிட்டன். 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனையை இங்கிலாந்தில் 2008இல் தடைசெய்தார்கள். நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே ரசீதில் 'பழம்பொருள், நூறாண்டுக்கு மேற்பட்டது' என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும்போது பொதி கட்டி நேரே போகவேண்டும். பொது இடத்தில் தகுந்த காரணமின்றி வாளோடு நிற்பது குற்றம்.

இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும்; வாளும் அந்தச் சட்டத்தின் வகைகளுக்குள் வருகிறது. அனுமதி கையில் இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டாம். சுங்கத்தில் நின்றுவிட்டால் இருநூறு ஆண்டுப் பொருளைத் திரும்பப் பார்ப்பது கடினம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: உள்ளே போய்விட்டால் வெளியே வராது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யமுடியாது. என் கருத்து, வாள் இங்கேயே இருக்கட்டும்.

இந்தியாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இந்த வாள்களின் இன்னொரு வாழ்க்கையையும் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய அலகுகள் இந்தியாவில் தல்வார் என்ற இந்திய வாளின் கைப்பிடி ஏறிப் புழங்கின. நிஜாமின் குதிரைவீரர்கள் எதிரிகளின் கையையும் தலையையும் ஒரே வெட்டில் துண்டித்ததைக் கேள்விப்பட்ட பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி கேப்டன் நோலன், அந்த வாள்களைப் பார்க்கப்போனபோது அவை அதே பழைய டிராகூன் அலகுகள் என்று கண்டார். வித்தியாசம் பராமரிப்பில் இருந்தது. அந்த வீரர்கள் சவரக்கத்திபோல் தீட்டி மர உறையில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் உருவினார்கள். பிரிட்டிஷ் வீரனோ இரும்பு உறையில் உருவியும் செருகியும் விளிம்பைத் தானே மழுக்கிக்கொண்டிருந்தான். நோலன் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் இறந்தார்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தபோது, ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரியுடன் விரைந்து வந்து அந்த எழுச்சியை நசுக்கியவர்கள் 19ஆம் இலகு டிராகூன்கள். 'வேலூரில் பயன்பட்ட வாள்' என்று எவராவது உங்களிடம் சொன்னால், வாட்டர்லூவுக்குக் கேட்ட அதே காகிதத்தைக் கேளுங்கள். நம் ஊர்ப் பெயர் என்பதற்காக விலையைக் கூட்டிவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர் – அக்டோபர் 20

620 பவுண்டுக்கு முடிந்தது. ரசீதில் 'வாட்டர்லூ' இல்லை. '1796 மாதிரி, உல்லி, பர்மிங்ஹாம், நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்' என்று எழுதிக் கொடுத்தார். துருவை என்ன செய்வது?

அக்டோபர் 20

நல்ல விலை, அதைவிட நல்ல ரசீது.

பழுப்பு இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் துரு அல்ல. பழுப்பைத் தொடவே வேண்டாம். விரலில் ஒட்டும் செம்மஞ்சள் பொடி மட்டும்தான் உயிருள்ள துரு. அந்த இடத்தில் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மென்மையான துணியால் துடையுங்கள். போகாவிட்டால் மறுபடி எண்ணெய். உப்புத்தாள், எலுமிச்சை, வினிகர், வீட்டுக் குளியலறைக்கு விற்கும் துரு நீக்கி எதுவும் கூடாது. எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்த பிறகு அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். வெறுங்கையால் அலகைத் தொட்டால் அன்றே துடைத்துவிடுங்கள். உறையின் உள்ளே இருக்கும் மரப்பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வாளை உறைக்குள் போட்டுச் சேமிக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் இந்த மாதிரி வாள்களின் படங்கள் இருக்கின்றன. உங்கள் காப்பின் உள்பக்கத்தை, விரல்கள் படும் இடத்தை, இன்னும் யாரும் படமெடுக்கவில்லை. அங்கேயும் சில நேரங்களில் குறி அடித்திருப்பார்கள். துடைப்பதற்கு முன்னால் டார்ச்சைப் படுக்கவைத்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.